பன்னிரண்டு டிகிரி வாட்டம்

வடக்கே தலை வைத்துப் படுத்தால் எமன் வருவான் என்பார்கள். என் வீட்டுக்காரரை நான் தெற்கே தலை வைத்துத்தான் படுக்க வைத்தேன். அப்போதும் வந்தான். திசை பார்த்து வருகிறவன் இல்லை போலிருக்கிறது.

இதை அழுதுகொண்டே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், "செத்தவனப் பத்திப் பேசச் சொல்லோ எல்லாரும் ஏன் மூக்கால பேசறாங்க?" என்று கேட்பார். அதனால் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்குக் கத்திரித் தூக்கம் தெரிந்திருக்காது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரைகள் வருவதற்கு முன்னால், அக்னி நட்சத்திரத்தின் இருபத்தைந்து நாளும் எங்கள் குடியாத்தத்தில் ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று டிகிரி வெயில். எல்லா வீட்டையும் குளிர்விக்க மின்சாரம் கிடையாது. ஆனால் ஒரு தெருவைக் குளிர்விக்கும் மின்சாரத்தில், படுத்துத் தூங்குகிற ஓர் ஊரையே குளிர்வித்துவிடலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். தூங்குகிறவன் அடுப்புப் பற்றவைக்க மாட்டான், கதவைத் திறந்து திறந்து மூட மாட்டான், விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்று சண்டை போட மாட்டான். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குக் குழாய் போட்டு, பாதாளக் கூடத்தில் மூன்றடுக்குக் கட்டில்களில் கிடத்திவிடுவார்கள். கத்திரி கழிந்ததும் எழுப்புவார்கள். இதற்கென்று கோடைத் தூக்க வாரியம் என்று ஒன்று இருந்தது. அம்மன் திருவிழாவைக்கூட ஆனிக்குத் தள்ளி வைத்தார்கள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் மதியரசு. தரைக்கு டைல்ஸ் போடும் மேஸ்திரி. கறுப்புச் சட்டைக்காரர். கடவுள், ஜாதகம், எலுமிச்சம்பழம் எதிலும் நம்பிக்கை கிடையாது. தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தில் மட்டும் நம்பிக்கை. நானோ பஞ்சாங்கம் அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துபவள். ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். "பொய்ய ஒரு எழுத்துப் பிழையில்லாம அச்சடிக்கிறது நீ ஒருத்திதான்டி" என்பார். பஞ்சாங்கத்தை நான் நம்பியதும் இல்லை, நம்பாமல் இருந்ததும் இல்லை. சம்பளம் வாங்கும் இடத்தை அதற்கு மேல் ஆராயக்கூடாது.

ஐம்பத்தொன்பதாவது வயதில் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தார். இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னபோது, "பரவால்ல சார், நம்ம தாலுக்கா ஆபீஸுக்கு இது எவ்ளோ மேல்" என்றார். அதன் பிறகு மூன்று தலையணை இல்லாமல் படுக்க மாட்டார். தட்டையாகப் படுத்தால் மூச்சு அடைக்கும்.

இதய நோயாளிகளைக் கத்திரிக்கு ஒரு மாதம் முன்பே கூடத்துக்கு வரவழைத்துப் பார்ப்பார்கள். எங்கள் மூன்றாம் கூடத்தின் மயக்க மருந்து டாக்டர் பெயர் ஜெசிந்தா. நாற்பது வயது இருக்கும். யாரையும் இரண்டு முறை கூப்பிட மாட்டார். முதல் முறையே அவ்வளவு சத்தம். எங்களைக் கட்டிலுக்கு அருகில் அழைத்துப் போனார். இவர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கட்டிலின் சட்டத்தில் வைத்தார்.

"டாக்டரம்மா, வெல்டிங் பண்ணவன் குடிச்சிருந்தானா? பன்னெண்டு டிகிரி வாட்டம் கீது."

"அது வேணும்னு விட்ட வாட்டம் ஐயா. தலைப் பக்கம் உயரம், கால் பக்கம் பள்ளம்."

"இன்னாத்துக்கு?"

டாக்டர் அவர் வயிற்றில் விரலால் ஒரு குத்து வைத்தார். "இது எத்தன கிலோ?"

"கூட்டிப் பாத்தா எம்பத்தெட்டு. வயிறு மட்டும் தனியா நிறுத்ததில்ல."

"முழிச்சிருக்கும்போது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை கதவு மாதிரி நின்னு, வயித்த மேல ஏற விடாம பாத்துக்கும். மயக்க மருந்து குடுத்தா அந்தக் கதவு தொளதொளன்னு ஆயிடும். தட்டையா படுத்தா குடலு, ஈரலு எல்லாம் சரிஞ்சு நுரையீரல் மேல ஏறி உக்காந்துக்கும். நுரையீரலோட அடிப்பக்கம் சுருங்கிப் போயிடும். நாலு மணி நேர ஆபரேஷன்னா சமாளிச்சுடலாம். இருபத்தஞ்சு நாளுக்கு முடியாது. அதனாலதான் தல மேல. வயிறு தானா கீழ இறங்கிடும், மூச்சுக்கு எடம் கெடைக்கும்."

"ரத்தம்? அதுவும் கால்ல போய் தேங்கிடுமே."

டாக்டர் அவரை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார். "தேங்கும். அதுக்குத்தான் கால்ல காத்துப் பை. நிமிஷத்துக்கு ரெண்டு வாட்டி அமுக்கி, ரத்தத்த மேல தள்ளும். இதயத்துக்குப் போற வரத்து கொறையாது."

"பாத்ரூம் தரைதான் இது" என்றார் இவர் என்னிடம், பெரிய ரகசியம் பிடிபட்டதுபோல. "தண்ணி மூலையில கீற ஜாலிக்கு ஓடணும், ஆனா மொத்தமா ஓடக்கூடாது. வாட்டம் மாறிச்சுனா முடிஞ்சுது."

"ஒங்களுக்கு வாட்டம் மாறவே கூடாது" என்றார் டாக்டர். "ஒங்க இதயம் பழைய மோட்டார். கொஞ்சம் அதிகமா தண்ணி வந்தாலும் இறைக்க முடியாது. நுரையீரல்ல நிக்கும்."

"கேட்டுக்கோடி. ஊருல ஒருத்தராவது என் தொழில மதிச்சுப் பேசறாங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டேன். பிழை திருத்துபவளுக்கு ஞாபக சக்தி அதிகம், அதுதான் தொழிலே.

அந்த வருடம்தான் திசைப் பிரச்சினை கிளம்பியது. முந்தின கத்திரியில் தூங்கி எழுந்தவர்களில் மூன்று பேர் ஆடிக்குள் இறந்துபோனார்கள். ஒருவர் லாரி மோதி, ஒருவர் பாம்பு கடித்து, ஒருவர் தொண்ணூற்று நான்கு வயதாகி. ஆம்பூர் வாஸ்துக்காரர் ஒருவர் கூடத்துக்கு வெளியே நின்று, கையில் திசைகாட்டியுடன் ஒரு வீடியோ போட்டார். உள்ளே படுப்பவர்கள் எல்லோருடைய தலையும் வடக்கே! உண்மைதான். மருந்துக் குழாயும் காற்றுக் குழாயும் வடக்குச் சுவரில் ஓடின, அதனால் தலைமாடு அங்கே. வரைபடம் போட்ட ஆளுக்கு வடக்கு என்பது காகிதத்தின் மேல் பக்கம், அவ்வளவுதான். ஒரே வாரத்தில் எங்கள் ஊரில் பாதிப்பேர் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வெயிலில் வெந்து செத்தாலும் சாவோம், வடக்கே தலை வைக்க மாட்டோம்.

வாரியத்தின் கண்காணிப்பாளர் ருத்ரமூர்த்தி அந்தச் சிக்கலை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தீர்த்தார். கட்டிலைத் திருப்ப முடியாது. தரையோடு வெல்டு அடித்தது. ஆளைத் திருப்பலாமே! தலை இருந்த இடத்தில் கால், கால் இருந்த இடத்தில் தலை. மூச்சுக் குழாயை ஒரு ஆள் நீளம் இழுத்து விட்டால் போயிற்று. விண்ணப்பத்தில் "திசை விருப்பம்" என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள்.

ஜெசிந்தா டாக்டர் அவர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டது கூடம் முழுக்கக் கேட்டதாம். ருத்ரமூர்த்தி சொன்ன பதிலைப் பிற்பாடு டாக்டரே எனக்கு நடித்துக் காட்டினார்.

"பன்னெண்டு டிகிரிதானே மேடம்? எங்க வீட்டுத் தலகாணியே அதவிட ஒசரம்."

"சார், ஒங்க தலகாணி தலைக்கு அடியில இருக்கு. இது காலுக்கு அடியில வருது."

"ஜனங்க வராம வெளிய செத்தா யார் பதில் சொல்றது? நீங்களா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் அதிலிருந்த விஷம். வாட்டத்தை மாற்ற ஒரு குழு அமைத்திருப்பதாகவும், கத்திரிக்குள் மாற்றிவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தார். குழு ஒரு முறை கூடியது. வடை நன்றாக இருந்ததாம்.

கத்திரிக்கு இரண்டு நாள் முன்பு, ஆரணியிலிருந்து என் நாத்தனார் கயல்விழி போன் செய்தாள். அண்ணனும் தங்கையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். பகுத்தறிவு மொத்தமும் மூத்ததோடு தீர்ந்துவிட்டது.

"அண்ணி, எங்கண்ணன் வடக்கயே படுப்பேன்னு வீம்புக்கு நிப்பாரு. நீங்க உட்றாதீங்க. ஏற்கனவே ஒருவாட்டி எமன் வந்து வாசல்ல நின்னுட்டுப் போயிருக்கான்."

"அவர்கிட்ட நீயே சொல்லேன் கயலு."

"சொன்னா கேப்பாரா? 'எமனுக்கு அட்ரஸ் தெரியாம திசைகாட்டி வெச்சுனு தேடறானா'ன்னு கேக்கறாரு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அண்ணி, உங்களயும் என்னையும்தான் இந்த ஊரு கேக்கும்."

ஒன்று ஆகிவிட்டால். இந்தச் சொல்லுக்கு எந்தப் பகுத்தறிவும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

சேரும் நாளன்று காலை ஆறு மணிக்கே வெயில் முதுகைத் தட்டியது. கைப்பேசிகளை வாயிலில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு முறை வளைந்து இறங்கும் சாய்தளம். ஜன்னல் இல்லாத கூடம். உள்ளே கற்பூரம் இல்லாத மார்கழிக் குளிர். பதிவு மேசையில் தணிகாசலம் என்ற நடுவயது எழுத்தர். இவர் விண்ணப்பத்தை நிரப்பி நீட்டிவிட்டு, நேராகத் தன் கட்டிலுக்குப் போனார். மூன்றாம் அடுக்கு. ஏணியில் ஏறி உட்கார்ந்து, "ரயில்ல கூட எனக்கு அப்பர் பெர்த்துதான் குடுப்பானுங்க" என்று முனகினார். எனக்குக் கீழடுக்கு.

முகமூடியோடு வந்த நர்ஸ் பெண், "சாமிய நெனச்சிக்கோங்க ஐயா" என்றாள்.

"அவரு நம்பர் எங்கிட்ட இல்லம்மா. நீ மருந்த குடு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மருந்தை ஏற்றினாள். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்குள் கண் சொருகிவிட்டது. முப்பத்து நான்கு வருடத்தில் அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது தணிகாசலம் விண்ணப்பத்தோடு ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? திசை விருப்பம்ன்ற கட்டத்துல ஐயா இப்படி எழுதி வெச்சிருக்காரு?"

பார்த்தேன். அழகான கையெழுத்தில், "பூமி உருண்டை."

"வடக்கா, வடக்கு வேணாமா, ரெண்டுல ஒண்ணு போடணும்மா. மெஷின்ல வேற எதுவும் ஏறாது. அவரு தூங்கிட்டாரு. நீங்கதான் சொல்லணும்."

"திருப்பிப் போட்டா வாட்டம் என்ன ஆகும்?"

"அதெல்லாம் சரி பண்ணியாச்சும்மா."

"டாக்டரம்மா எங்க?"

"ரெண்டாம் கூடத்துல இருக்காங்க. பின்னாடி முப்பது பேரு நிக்கறாங்க, சீக்கிரம் சொல்லும்மா."

சரி பண்ணியாச்சு என்பதை நம்பினேன். நம்ப வேண்டும்போல் இருந்தது, நம்பினேன். ரசமட்டம் அவர் பையில்தான் இருந்தது. பை என் தோளில் இருந்தது. எடுத்து வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது. பின்னால் நின்ற முப்பது பேரும் கண் முன்னால் தெரிந்தார்கள், காதுக்குள் கயல் இருந்தாள்.

"வடக்கு வேணாம்" என்றேன்.

நான்கு ஆட்கள் சேர்ந்து அவரைத் திருப்பிப் போட்டார்கள். என் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். காலியாக விட்டால் வடக்கு. எனக்கு என்ன ஆகப் போகிறது என்று நினைத்திருப்பேன். உண்மையில் நினைக்கவே இல்லை. படுத்தேன். நர்ஸ் வந்தாள்.

மயக்கத்தில் காலம் கிடையாது. கண்ணை மூடினேன், திறந்தேன். இருபத்தைந்து நாள் போயிருந்தது. சுற்றிலும் மனிதர்கள் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பலருடைய முகம் பலாப்பழம்போல வீங்கிக் கண்ணே தெரியவில்லை. எதிர்க் கட்டில் பெண்மணி தன் புருஷனைப் பார்த்து, "யாருய்யா நீ?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைக் காட்ட வேண்டுமே என்று மேலே பார்த்தேன். மூன்றாம் அடுக்கு காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

ஜெசிந்தா டாக்டர் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அவருக்கும் கண் வீங்கித்தான் இருந்தது; அவர் தூங்கவில்லை.

"வாட்டத்த அவங்க மாத்தவே இல்லம்மா. நாலாவது நாளே திருப்பிப் போட்டவங்க எல்லார் மூஞ்சியும் வீங்க ஆரம்பிச்சுது. தல பள்ளத்துல, கால் மேட்டுல. காலுல இருக்கிற ரத்தம் மொத்தமும் தானாவே நெஞ்சுக்கு வருது. அது பத்தாதுன்னு காத்துப் பை வேற அமுக்கி அமுக்கித் தள்ளுது. வயிறு மொத்தமும் நுரையீரல் மேல. நல்ல இதயமா இருந்தா தாங்கும்."

சுருட்டி வைத்த மெத்தையை மறுபடியும் பார்த்தேன். அவரே சொன்னார்.

"எழுப்பிடலாம்னு கேட்டேன். வெளிய அம்பத்து மூணு டிகிரி, நானூறு பேர எழுப்பி எங்க வைப்பீங்கன்னாங்க. அப்ப எல்லாரையும் மறுபடியும் திருப்பிப் போடலாம்னு கேட்டேன். உறவுக்காரங்க கையெழுத்து இருக்கு, தொடக்கூடாதுன்னாங்க. நானும் ஆயா பேபியம்மாவும் ரெண்டு பேரா, கீழடுக்குலயும் நடு அடுக்குலயும் முப்பத்தொரு பேர பெட்ஷீட்டோட இழுத்துத் திருப்பிட்டோம். மேலடுக்குக்கு நாலு ஆம்பளைங்க வேணும். எழுத்துல உத்தரவு இல்லாம ஒருத்தனும் வரல." கையைப் பிசைந்துகொண்டார். "ஐயாவுக்குக் காத்துப் பைய நிறுத்தினேன். தோளுக்கடியில போர்வைய சுருட்டி வெச்சேன். தண்ணி போக மருந்து குடுத்துக்கிட்டே இருந்தேன். பதினேழாவது நாள் வரைக்கும் இருந்தாரு. பழைய மோட்டாரும்மா. ஆனா நல்ல மோட்டார்."

"நான்தான் வடக்கு வேணாம்னு சொன்னேன்" என்றேன்.

"தெரியும். ஃபாரம் பாத்தேன்." கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "'பூமி உருண்டை'ய நான் கிழிச்சு எங்கிட்ட வெச்சிருக்கேன். வேணும்னா தர்றேன்."

வேண்டும் என்றேன்.

உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். வண்டி வந்தது. கயல் அழுதுகொண்டே, "எந்தப் பக்கம் தல வெச்சு ஏத்தறாங்கன்னு பாருங்க அண்ணி" என்றாள். எங்கள் பக்கத்தில் பிணத்தைத் தெற்கே தலை வைத்துக் கிடத்துவதுதான் வழக்கம். பதினேழு நாள் அவரை நான் அப்படித்தான் கிடத்தியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உயிரோடு இருந்திருந்தால் இதை வைத்து ஒரு வருடம் என்னைக் கேலி செய்திருப்பார். நான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

எங்கள் கூடத்தில் பதினொரு பேர் இறந்தார்கள். பதினொருவரும் திருப்பிப் போடப்பட்டவர்கள். விசாரணை நடந்தது. நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன், என் வாயால் சொன்ன வார்த்தை உட்பட. நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது: "திசைக்கும் மரணத்துக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவப்படவில்லை." என்ன ஒரு வாக்கியம்! இருபது வருடம் பிழை திருத்தியவள் சொல்கிறேன், அதில் ஒரு பிழையும் கிடையாது. வாட்டம் என்ற சொல் நூற்றுப் பதினான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. ருத்ரமூர்த்திக்கு மாற்றல். மலைப்பிரதேசத்துக்கு, அங்கே கத்திரி கிடையாது.

ஆளைத் திருப்பிப் போடுவதை மட்டும் தடை செய்தார்கள். புதுக் கட்டில்கள் வர இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். ஆக, அடுத்த கத்திரிக்கு எல்லோரும் வடக்கேதான் தலை வைத்தாக வேண்டும். ஊர் கேட்குமா? பதினொரு பேர் செத்ததே வடக்கின் சாபம்தான் என்று ஆம்பூர்க்காரர் அடுத்த வீடியோ போட்டிருந்தார். செத்தவர்கள் தெற்கே படுத்திருந்தார்கள் என்று யாரோ கீழே எழுதியதற்கு, "கூடமே வடக்குதானே" என்று பதில் எழுதியிருந்தார்.

டாக்டர் தெருத்தெருவாகப் போனார். நானும் கூடப் போனேன். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, சாய்த்துச் சாய்த்துக் காட்டுவார். தலை மேலே இருந்தால் இப்படி, கீழே இருந்தால் இப்படி. எல்லோரும் வாய் பிளந்து கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் எழுந்து டாக்டரை வாயாரப் புகழ்ந்தார். "ரொம்பத் தெளிவா சொன்னீங்கம்மா. எங்களுக்கு இவ்ளோ நாளா யாரும் சொல்லல." பிறகு கேட்டார்: "அதெல்லாம் சரி. வடக்க தல வெக்கலாமா?"

மார்கழியில் எடுத்த கணக்கில் எங்கள் கூடத்துக்குப் பதிந்தவர்கள் அறுபது பேர். முந்தின வருடம் நானூற்றுப் பன்னிரண்டு. மீதிப் பேர் வெயிலில் இருப்பார்கள். ஐம்பத்து மூன்று டிகிரியில் இருபத்தைந்து நாள்.

பங்குனியில் ஒரு நாள் டாக்டர் அச்சகத்துக்கு வந்தார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, புதுப் பஞ்சாங்கத்தின் தாள்களைப் புரட்டிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"கூடத்துக்குள்ள ஜன்னல் கெடையாது. சாய்தளம் ரெண்டு வாட்டி வளையுது. செல்போன வாசல்லயே வாங்கிடறோம். உள்ள வந்தா எனக்கே திசை தெரியாது."

நான் பேனாவை வைத்தேன்.

"சுவத்துல தெற்குன்னு ஒரு போர்டு மாட்டப் போறேன்" என்றார். "வடக்குச் சுவத்துல."

"அது பொய்யாச்சே டாக்டர்."

"உண்மையச் சொல்லித்தான் நாலு மாசம் தெருத்தெருவா அலைஞ்சோமே. கைதட்டுனாங்க."

"அவர் இருந்திருந்தா உங்களக் கிழிச்சிருப்பாரு. ஜனங்கள முட்டாளாவே வெச்சிருக்கறதுக்கு இன்னொரு வழின்னு சொல்லுவாரு."

"சொல்லுவாரு. போன வருஷமே இந்த போர்டு இருந்திருந்தா, சொல்றதுக்கு இருந்திருப்பாரு." அதன் பிறகு, நேராக என்னைப் பார்த்து: "போர்ட மட்டும் நம்ப மாட்டாங்கம்மா. யாராவது ஒருத்தர் கைய நீட்டிச் சொல்லணும். புருஷன அங்க பறிகொடுத்தவங்க சொன்னா நம்புவாங்க."

நான் அவரை வெளியே போகச் சொன்னேன். போனார். இரண்டு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் மதியரசுவோடு சண்டை போட்டேன். அவர் பக்கத்து வாதத்தையும் நானே பேசினேன். உயிரோடு இருந்தபோது ஜெயித்ததைவிட அதிகம் ஜெயித்தார். 'அவன் அவன் புத்திக்கு அவன் அவன் பொறுப்புடி.' சரி. ஆனால் மயங்கிக் கிடக்கிறவனுக்கு எந்தப் புத்தி? அவனுக்காகப் பக்கத்தில் நிற்கிறவள் அல்லவா பதில் சொல்கிறாள். சண்டை அந்த இடத்தோடு நின்றது.

சித்திரையில் டாக்டருக்குப் போன் செய்து, எந்த மேசையில் உட்கார வேண்டும் என்று கேட்டேன்.

கத்திரி முதல் நாள். தணிகாசலத்தின் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. கூடத்தின் திசையையே மாற்றி அமைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சை ஊருக்குள் விட்டிருந்தோம். எப்படி மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். ஒவ்வொருவரும் போர்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது பொய்யில் சேராது என்று பத்து மணி வரைக்கும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவள் பெயர் செண்பகவல்லி, நாற்பது வயது. விண்ணப்பத்தில் இதய வால்வு கோளாறு என்று எழுதியிருந்தது. நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்கினாள். கணவன் முனிரத்தினம் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். தலையாட்டல் அவருக்குப் போதவில்லை.

"நீங்க மேஸ்திரி சம்சாரம்தானே?"

"ஆமா."

"நான் போர்ட நம்பல. உங்களக் கேக்கறேன். இவளோட தல வடக்கப் போகாதே? உங்க வீட்டுக்காரர் மேல சத்தியமா சொல்லுங்க."

மேசையில் கிடந்த விண்ணப்பங்களை அடுக்கினேன். உண்மையைச் சொன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு வெயிலுக்குப் போய்விடுவார். தணிகாசலம் தும்முவதுபோல் ஏதோ செய்தார். அதற்குள் செண்பகவல்லி, "ஏங்க, வாசல்ல என் செருப்ப விட்டுட்டேன், எடுத்துனு வாங்க" என்றாள். அவர் திரும்பிச் சாய்தளத்தில் ஏறினார். அவர் முதல் வளைவைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, அவள் என் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, அது வடக்குதானே?"

நான் அவளையே பார்த்தேன்.

"ஆட்டோவ விட்டு எறங்கினதுலருந்து எண்ணிக்கினே வந்தேன். ரெண்டு வளைவு, ரெண்டும் சோத்தாங்கைப் பக்கம். சமையல் கட்டுல கண்ணக் கட்டி விட்டாலும் எனக்குத் திசை தெரியும்." நின்று மூச்சு வாங்கினாள். "உக்காந்துகினே தூங்கறவ நானு, மூணு வருஷமா. தல ஒசரத்துல இருந்தா போதும்க்கா, அது காசி பக்கமா இருந்தா இன்னா, கன்னியாகுமரி பக்கமா இருந்தா இன்னா. தெக்கு வேணும்ன்றது அவருக்குத்தான். நான் தூங்கிடுவேன். இருவத்தஞ்சு நாளும் அவரு நடு அடுக்குல படுத்துக்கினு, கத்திரி முடிஞ்சு கண்ணத் தொறந்ததும் நல்லபடியா என்னப் பாக்கணும். அதுக்கு முந்தி பயந்துகினே தூங்கக்கூடாது."

சாய்தளத்தில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

"சத்தியம் கேப்பாருக்கா" என்றாள். "பண்ணிடுங்க. உங்க வீட்டுக்காரருதான் சாமி கும்புடாதவராச்சே, கோச்சிக்க மாட்டாரு."

முனிரத்தினம் செருப்போடு வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது. ஒரு கையில் செருப்பு, இன்னொரு கை அவள் முழங்கையைப் பிடித்திருந்தது. பிடித்த இடம் வெளுத்திருந்தது.

"சொல்லுங்கம்மா. எது தெக்கு?"

நான் எழுந்து நின்றேன். அவருக்கு நன்றாகத் தெரியும்படி கையை முழுக்க நீட்டி, வடக்குச் சுவரைக் காட்டினேன்.

"அதோ. என் வீட்டுக்காரர் மேல சத்தியம்."